எழுத்துல இருக்கணும்ங்க

403 தோற்ற கதையை ஏன் இன்னும் எழுதவில்லை என்று தோழர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போன மாதம் ஒரு மாணவர் வாசிப்பு வட்டத்தில் இணையவழியில் பேசியபோதும் அதே கேள்வி வந்தது. எழுத உட்கார்ந்தால் அது தக்காளியில் தொடங்கி பேஸ்பாலில் போய் நிற்கிறது. அரசியல் கட்டுரைக்கு இது அழகா என்று தயங்கியே ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இனி வருகிறபடியே எழுதிவிடுகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்றால் இருவர். கலிஃபோர்னியாவில் ஓக்லாந்துக்குத் தெற்கே ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் வாடகை வீட்டில் இருக்கும் கணவன் மனைவி. ஒருவருக்குக் கணினி வேலை. இன்னொருவர் சமூகவியல் முதுகலை முடித்து, ஊரில் சில ஆண்டுகள் தொண்டு நிறுவன வேலை பார்த்து, இப்போது ஓக்லாந்தில் ஒரு முதியோர் பகல் மையத்தில் சமூகப் பணியாளர். இதைத் தட்டச்சு செய்வது அந்த இரண்டாவது ஆள்தான். ஆனால் இரண்டு பேரும் ராத்திரி ராத்திரியாகப் பேசிச் சேர்த்ததை ஒருவர் கணக்கில் எழுத மனம் வரவில்லை. இருவரும் விழுப்புரம் மாவட்டத்துச் சேரிகளில் பிறந்தவர்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை 2023 வரை ஃப்ரீமாண்டில் நாங்கள் எவரிடமும் சொன்னதில்லை.

சொல்லாமல் இருப்பது எப்படி என்று ஊரை விட்டுக் கிளம்பிய எல்லோருக்கும் தெரியும். "எந்த ஊருங்க?" என்றால் விழுப்புரம். "விழுப்புரத்துல எங்க?" என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம். "உங்க ஐயா என்ன பண்றாங்க?" என்றால் விவசாயம். அப்பா அடுத்தவர் நிலத்தில் செய்ததும் விவசாயம்தானே, பொய் இல்லை. அமெரிக்கா வந்தும் இந்த மூன்று கேள்விக்கும் மூன்று பதிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் எல்லா விருந்துக்கும் போனோம்.

அப்படி ஒரு விருந்தில்தான் காய்கறிக் குழுவில் சேர்ந்தோம். பதினான்கு தமிழ்க் குடும்பங்கள். பண்ணை ஒன்றிலிருந்து வாரம் ஒருமுறை பெட்டி பெட்டியாக ஆர்கானிக் காய்கறி வரும். குழுவை நடத்துகிற அண்ணன் வீட்டுக் கார் கொட்டகையில் வியாழக்கிழமை மாலை போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் கொங்குப் பக்கம். மரியாதை தவறாத பேச்சு. எங்களில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஒரு வாரம் விடாமல் மிளகு ரசம் கொண்டுவந்து கொடுத்தவர். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எங்களுக்கு உரிமையில்லை.

அவர் அடிக்கடி சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. ஒருமுறை உழவர் சந்தையில் ஒரு சிறு பண்ணைக்காரர், தன் நிலத்தில் மருந்தே அடிப்பதில்லை, சான்றிதழ் வாங்கத்தான் காசில்லை என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். எங்களிடம் சொன்னார்: "எழுத்துல இருக்கணும்ங்க. வாய்ச்சொல்லை நம்பிக் கொழந்தைகளுக்குச் சாப்பாடு போட முடியுங்களா?" ஆர்கானிக் சட்டம் அவருக்கு மனப்பாடம். 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2002 அக்டோபரிலிருந்து விவசாயத் துறையின் வட்ட முத்திரை வந்தது. அந்த முத்திரை வேண்டுமென்றால் அறுவடைக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த மண்ணில் தடைசெய்யப்பட்ட எதையும் போட்டிருக்கக் கூடாது. ஆண்டுக்கொரு முறை ஆய்வாளர் வந்து கணக்குப் புத்தகம் முதல் வேலியோரம் வரை பார்ப்பார். ஒரு சொல்லைத் தக்காளி மேல் ஒட்ட இவ்வளவு பாடு. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் தப்பில்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம். நம்மாழ்வார் ஐயா கூட்டங்களில் தரையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மண்ணுக்கு விஷம் வேண்டாம் என்பதில் எங்களுக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

அந்த 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. இந்திய அரசு கேட்டு வாங்கிய அறிவிப்பு. ஃப்ரீமாண்ட் இந்தியக் கடைகளில் ஒரு அலமாரி முழுக்கக் கேழ்வரகு, வரகு, சாமை, தினை. பழுப்புக் காகிதப் பை, அதில் முண்டாசு கட்டிய ஒரு தாத்தா, "நம் முன்னோர் உணவு" என்று எழுத்து. ஒரு பையின் விலையை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னோம்.

"எட்டு டாலருன்னா நம்ம காசுக்கு எவ்ளோ?"

சொன்னோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கூழு குடிக்கிற சாதின்னு சொல்லித்தாண்டி என்னைப் பள்ளிக்கூடத்துல கடைசியில ஒக்கார வச்சாங்க. இப்ப கூழு யாரு முன்னோருது ஆச்சாம்?"

இந்தக் கேள்விக்கு அந்தப் பையின் பின்புறத்தில் பதில் இல்லை. சத்து அட்டவணைதான் இருந்தது.

பேஸ்பாலுக்கு வருவோம். எங்களுக்கு அந்த ஆட்டம் தெரியாது. முதியோர் மையத்துக்கு வரும் ஒரு கறுப்பினப் பெரியவர்தான் கற்றுக்கொடுத்தார். எண்பது கடந்தவர். லூசியானாவில் பருத்தி எடுத்த குடும்பம். சின்ன வயதில் பெற்றோரோடு ஓக்லாந்து வந்தார். ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் அணியின் பச்சைத் தொப்பியைக் கழற்றி நாங்கள் பார்த்ததில்லை. ஒரு பருவத்துக்கு ஓர் அணி 162 ஆட்டம் ஆட வேண்டும் என்று அவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். இன்று தோற்றாலும் நாளை மைதானத்துக்கு வந்தாக வேண்டும். "இது ரசிப்பதற்கான ஆட்டம் இல்லை, பழகிக்கொள்வதற்கான ஆட்டம்" என்பார். அந்த ஆண்டு அவருடைய அணி 50 ஆட்டம் வென்று 112 ஆட்டம் தோற்றது. அவர் நன்றாகவே பழகிக்கொண்டார்.

ஏப்ரல் 15 அன்று மையத்துத் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா ஆட்டக்காரர்கள் முதுகிலும் 42 என்ற ஒரே எண். ஏன் என்று கேட்டோம். 1947இல் அதே தேதியில்தான் ஜாக்கி ராபின்சன் புரூக்லின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கினார். அவருடைய எண் 42. 1997இல் அந்த எண்ணை எந்த அணியும் இனி யாருக்கும் தருவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் எல்லோரும் அணிவார்கள். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியதுதான். பெரியவர் சொன்னதில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு. ராபின்சனுக்கு முன்னால் அறுபது ஆண்டு காலம் கறுப்பர்களைப் பெரிய அணிகளில் சேர்க்கவில்லையே, எந்த விதியின்படி சேர்க்கவில்லை என்று கேட்டோம்.

"விதி ஏது? அப்படி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. கனவான்களுக்குள் ஓர் ஒப்பந்தம். எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தையாவது கிழித்திருக்கலாமே."

அன்று ராத்திரி வீட்டில் பல்வங்கர் பாலுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தோழர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சமார் சாதியில் பிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். புனேயில் அவர் பந்து போட்டால் உடன் ஆடும் பிராமணர்கள் பந்தைத் தொடுவார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை. எவ்வளவு திறமை இருந்தும் அவரை இந்துக்கள் அணிக்குத் தலைவராக்கவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. பாலுவை அண்ணல் அம்பேத்கர் இளமையில் கொண்டாடினார். பிறகு 1937 பம்பாய்த் தேர்தலில் அதே பாலு காங்கிரஸ் சார்பில் அண்ணலை எதிர்த்து நின்று தோற்றார். அது தனிக் கதை, இன்னொரு நாள். இங்கே வேண்டியது மண்குவளை மட்டும். தீண்டத்தகாதவருக்கு மண்குவளை என்று எந்த கிரிக்கெட் விதிப் புத்தகத்திலும் அச்சடிக்கவில்லை. எந்த மைதானத்திலும் பாலுவின் எண்ணை ஒருவரும் ஒருநாளும் அணிந்ததில்லை. அந்தக் காலத்தில் சட்டையில் எண்ணே கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்த ஆண்டு மார்ச்சில்தான் எஸ்பி 403 வந்தது. மாநில செனட்டர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்தார். எங்கள் ஃப்ரீமாண்ட் பக்கத்து உறுப்பினர். பிப்ரவரியில் சியாட்டில் நகரம் க்ஷமா சாவந்தின் தீர்மானத்தால் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்திருந்தது. மாநிலம் என்ற அளவில் இதுவே முதல். மசோதா கேட்டது மிகச் சின்ன விஷயம். வேலை, வாடகை வீடு, கல்வி ஆகியவற்றில் இனம், நிறம், மதம், பாலினம் என்று பாகுபாட்டுக்கான காரணங்களைச் சட்டம் வரிசையாகத் தடைசெய்கிறதல்லவா, அதில் சாதி என்ற ஒரு சொல்லையும் எழுதுங்கள் என்பதுதான். நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் மதம், இனம், பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றோடு சாதி என்று எழுதியிருக்கிறதே, அதுபோல. மே மாதம் செனட்டில் 34க்கு 1 என்று நிறைவேறியது. நாங்கள் இனிப்பு வாங்கினோம். அவசரம்தான்.

ஜூன் 13ஆம் தேதி பெரியவர் எங்களை மைதானத்துக்கு அழைத்துப்போனார். அத்லெட்டிக்ஸ் அணியை அதன் முதலாளி லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டிருந்தார். மக்கள் ஆட்டம் பார்க்க வருவதில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்குப் பதிலாக ரசிகர்கள் ஒரு தலைகீழ்ப் புறக்கணிப்பு அறிவித்தார்கள். அதாவது எல்லோரும் வருவது. 27,759 பேர் வந்தோம். பச்சைச் சட்டையில் "விற்றுவிடு" என்று ஒற்றைச் சொல். அணியை ஊர்விட்டுக் கொண்டுபோவதைவிட, இங்கேயே வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றுவிடு என்று பொருள். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது திட்டப்படி மொத்த மைதானமும் பேச்சை நிறுத்தியது. பிறகு ஒரே குரலில் முழக்கம். நம் ஊர்ப் பேரணிகளில் பறை நின்று கோஷம் எழும்பும் அந்த நொடி நினைவுக்கு வந்தது. அன்று அத்லெட்டிக்ஸ் 2க்கு 1 என்று வென்றது. தொடர்ந்து ஏழாவது வெற்றி. பெரியவர் அழுதார். இரண்டே நாளில் நெவாடா ஆளுநர் புது மைதானத்துக்கு 38 கோடி டாலர் பொதுப்பணம் தரும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

மைதானத்திலிருந்து திரும்பும்போது பெரியவர் ஒரு தேவாலயத்தைக் காட்டினார். 1969 ஜனவரியில் கருஞ்சிறுத்தைகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கிய இடம். தானும் அங்கே முட்டை பொரித்துப் போட்டதாகச் சொன்னார். அவரிடம் எங்கள் ஊர்ச் சுவரில் வரைந்த சிறுத்தையின் படத்தைக் கைபேசியில் காட்டினோம். 1966இல் ஓக்லாந்தில் பிறந்த ஒரு பெயர் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் ஆகி, மதுரை வழியாக எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொன்னோம். அவர் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு தூரம் போய்விட்டதா அது" என்றார். அவரிடம்தான் முதலில் சொன்னோம், நாங்கள் யார் என்று. அமெரிக்காவில் நாங்கள் வாய்திறந்து சொன்ன முதல் ஆள் அவர்.

ஜூலை 5. சாக்ரமென்டோ தலைமைச் செயலகத்தில் சட்டமன்ற நீதிக் குழுவின் விசாரணை. அதிகாலையிலேயே கிளம்பிப் போனோம். நடைபாதை முழுக்க நம் ஊர் முகங்கள், நூற்றுக்கணக்கில். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் நெருக்கியடித்து நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒலிவாங்கியில் பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். ஆறு நொடி வேலை. அந்த ஆறு நொடியைச் சொல்லத்தான் எங்களுக்குப் பல ஆண்டு தேவைப்பட்டது. கால் நடுங்கியது என்பதை மறைக்கவில்லை.

எதிர் வரிசையில் காய்கறிக் குழு அண்ணன் நின்றிருந்தார்.

அவரும் எங்களைப் பார்த்துவிட்டார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. சட்டைப்பைப் பதில்கள் மூன்றையும் ஒரே நொடியில் அவர் சரிபார்த்துக்கொண்ட மாதிரி ஒரு பார்வை. வெளியே மர நிழலில் அவராகவே வந்து பேசினார்.

"நீங்க சொல்லவே இல்லைங்களே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ணா" என்றோம். பொய். கேட்டார்கள், நாங்கள் சொல்லவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு எதிரா இல்லைங்க. பூர்விகம், தேசியம்னு எல்லாத்துக்கும் ஏற்கெனவே சட்டம் இருக்குது. தனியா அந்தச் சொல்லை எழுதி வச்சா நம்ம பசங்களையெல்லாம் சந்தேகமாப் பாப்பாங்க. இங்க யாருங்க சாதி பாக்கறாங்க? நம்பிக்கைதானேங்க முக்கியம்."

அந்த இடத்தில் நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலையில், ஐம்பது மைல் தாண்டித்தான் வந்தது. தக்காளிக்கு எழுத்தில் இருக்க வேண்டும், எங்களுக்கு வாய்ச்சொல் போதுமா? விவாதத்தில் தோற்றவர்கள் எல்லோருக்கும் இந்த நெடுஞ்சாலை தெரியும்.

இருவரும் அன்றிரவு அந்த முத்திரையைப் பற்றி உருப்படியாகப் படிக்கத் தொடங்கினோம். கோபத்தில்தான். ஆர்கானிக் விதிகள் மண்ணைப் பற்றிப் பேசுகின்றன, விதை, எரு, கால்நடைத் தீவனம் பற்றிப் பேசுகின்றன. அந்த மண்ணில் குனிகிற ஆளின் கூலி பற்றி, தண்ணீர் பற்றி, நிழல் பற்றி ஒரு நிபந்தனையும் இல்லை. பூச்சி மருந்து இல்லாததால் தொழிலாளிக்கும் நன்மை உண்டு, அது உண்மை. பூச்சி மருந்தை எதிர்த்து 1988இல் சீசர் சாவேஸ் 36 நாள் பட்டினி கிடந்தார். ஆனால் களைக்கொல்லி அடிக்காத நிலத்தில் களை எங்கே போகும்? கலிஃபோர்னியாவில் குட்டைக் கைப்பிடி களைக்கொத்து ஒன்று இருந்தது. நாளெல்லாம் இடுப்பு ஒடியக் குனிந்தால்தான் அதைப் பிடிக்க முடியும். நீண்ட போராட்டத்துக்குப் பின் 1975இல் அதைத் தடைசெய்தார்கள். கொத்தைப் பிடுங்கியதும் முதலாளிகள் வெறுங்கையால் பறிக்கச் சொன்னார்கள். 2004இல் கையால் களை பறிப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. அதில் ஆர்கானிக் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "மருந்தடிக்காத நெலத்துல களை யாரு எடுப்பா, நெலத்துக்காரனா? பொம்பளைங்கதான் எடுப்போம். குனிஞ்ச முதுகு நிமிர்றதுக்குள்ள பொழுது போயிடும். நடவுக்குப் பாட்டு இருக்குது. களைக்கு யாரு பாடுவா, மூச்சு வாங்கும்."

முத்திரை யாருக்குக் கிடைக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அது நிலத்துக்குத் தருகிற சான்று. நிலம் இல்லாதவருக்கு எதன் மேல் முத்திரை குத்துவார்கள்? 1892இல் நம் மக்களுக்கென்று ஒதுக்கிய பன்னிரண்டு லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலத்தை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். இயற்கை விவசாய விழாக்களில் மேடையில் முண்டாசு இருக்கும். களை பறித்தவள் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். இதைச் சொன்னால் இயற்கை விவசாயத்துக்கு எதிரி என்பார்கள். இல்லை, அதில் நமக்கும் பங்கு கேட்கிறோம்.

கையைப் பற்றிச் சொல்லும் முத்திரையும் இதே மாநிலத்தில் இருந்திருக்கிறது. 1965 செப்டம்பரில் டெலானோவில் ஃபிலிப்பினோத் தொழிலாளர்கள் லேரி இட்லியாங் தலைமையில் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு வாரம் கழித்து சாவேஸும் டோலரஸ் ஹுவர்ட்டாவும் மெக்சிக்கத் தொழிலாளர்களோடு சேர்ந்தார்கள். 1935இன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் சங்க உரிமை கொடுத்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் பெயர் சொல்லி வெளியே தள்ளியிருந்தது. அதாவது பெரும்பாலும் கறுப்பர்களை, மெக்சிக்கர்களை. சட்டம் துணை இல்லாததால் அவர்கள் கடைக்காரர்களிடமும் வாங்குபவர்களிடமும் போனார்கள். திராட்சை வாங்காதே. ஐந்தாண்டு. 1970 ஜூலையில் பெருந்தோட்டங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஆண்டு திராட்சைப் பெட்டிகள் கருங்கழுகு முத்திரையோடு கடைக்கு வந்தன. இதைப் பறித்தவருக்குச் சங்கம் இருக்கிறது என்பதே அந்த முத்திரையின் பொருள். எங்கள் வியாழக்கிழமைப் பெட்டியில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அட்டையில் பச்சை இலை ஒன்று மட்டும் இருந்தது.

பெட்டியும் ஆகஸ்டோடு நின்றுவிட்டது. யாரும் விலக்கவில்லை, யாரும் திட்டவில்லை. வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருவது குறைந்து ஒருநாள் மொத்தமாக நின்றது. புதுக் குழு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள் என்பது கடையில் சந்தித்த இன்னொரு குடும்பத்தின் தடுமாற்றத்தில்தான் தெரிந்தது. ஓக்லாந்துப் பெரியவரிடம் சொன்னபோது, "எழுதி வைத்திருக்க மாட்டார்களே" என்றார்.

மசோதா ஆகஸ்டு இறுதியில் சட்டமன்றத்தைத் தாண்டியது. வழியில் ஒரு திருத்தம் நடந்தது. சாதி தனிச் சொல்லாக வரிசையில் நிற்காமல், பூர்விகம் என்ற சொல்லின் விளக்கத்துக்குள் நுழைந்துகொண்டது. இங்கேயும் தனி வாசல் இல்லை, பின்கட்டு வழிதான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். அப்படியாவது உள்ளே போனால் போதும் என்றும் நினைத்தோம். செப்டம்பரில் தோழர்கள் சாக்ரமென்டோவில் உண்ணாவிரதம் இருந்தார்கள். நாங்கள் வார இறுதிகளில் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தோம், அதற்கு மேல் செய்யவில்லை. செப்டம்பர் 28இல் ஃப்ரெஸ்னோ நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. சியாட்டிலுக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது நகரம். அந்த வட்டாரத்து ரவிதாசியா மக்களும் சீக்கியர்களும் சேர்ந்து பாடுபட்டது வீண்போகவில்லை.

அக்டோபர் 1இல் பேஸ்பால் பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் முடிந்தன. 7ஆம் தேதி, சனிக்கிழமை, ஆளுநர் கவின் நியூசம் 403ஐ நிராகரித்தார். இங்கே ஆளுநர் என்பவர் நம் ராஜ்பவன்காரர் மாதிரி நியமிக்கப்பட்டவர் அல்ல, மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர். மசோதாவை மறிக்கும் கலையில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர் சொன்ன காரணம், இருக்கிற சட்டங்களே சாதிப் பாகுபாட்டைத் தடுக்கின்றன, ஆகவே இது தேவையற்றது. கடிதத்தைப் படித்ததும் எங்களுக்குச் சாக்ரமென்டோ மர நிழல்தான் ஞாபகம் வந்தது. அண்ணனும் ஆளுநரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை மையத்தில் பெரியவர் கேட்டார், "இந்த வருஷம் உங்கள் கணக்கு என்ன? எத்தனை தோல்வி?"

"ஒன்றுதான். பெரியது."

"அது ஒரு ஆட்டம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அவருடைய பக்கமும் தோற்றுப்போனது. நவம்பரில் மற்ற அணிகளின் முதலாளிகள் கூடி ஒருமனதாக அணியை இடம்மாற்ற அனுமதித்தார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாந்து மைதானத்தில் கடைசி ஆட்டம். 46,889 பேர். எங்களுக்கும் சீட்டு கிடைத்தது. முடிந்த பிறகு மைதானத்து மண்ணைப் பலர் பையிலும் கோப்பையிலும் அள்ளிக்கொண்டு போனார்கள். பெரியவருக்காக நாங்களும் ஒரு சின்ன டப்பாவில் வாங்கிக்கொண்டோம். கேழ்வரகு மாவு வந்த டப்பா.

இந்த ஆண்டு ஒரு வியாழக்கிழமை மின்தூக்கியில் அண்ணனைப் பார்த்தோம். நலம் விசாரித்தார். அறுவைச் சிகிச்சைத் தழும்பு வலிக்கிறதா என்று மறக்காமல் கேட்டார். இறங்கும்போது, "பெட்டி ஒண்ணு காலியா இருக்குதுங்க, வேணும்னா சொல்லுங்க" என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்றோம். வீட்டுக்கு வந்து ஒருவர் வேண்டாம் என்றும் இன்னொருவர் போகலாம், அவரோடு பேசாமல் யாரோடு பேசுவது என்றும் சண்டை போட்டோம். இன்னும் முடியவில்லை.

ஃப்ரெஸ்னோவில் அந்தச் சொல் நகரச் சட்டத்தில் இருக்கிறது. இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். வழி முழுக்கத் தோட்டங்கள்தான்.